தோலுக்கு நேரம் தெரியும்: மேல்நிலை உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களே,



சென்ற ஆண்டு ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களிடம் பேசப் போயிருந்தேன். பேசி முடித்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன். நெடுநேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு மாணவி எழுந்தாள். "சார், உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்குன்னு புக்குல போட்டிருக்கு. அப்ப தோல் செல்லுக்கு 'நீ தோலு'ன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "இது பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மணியும் அடித்துவிட்டது. நன்றி சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள், நான் பஸ் ஏறிவிட்டேன்.

அந்தக் குரலுக்குரியவரை நான் குறை சொல்லமாட்டேன். பாடம் முடிக்க வேண்டும், திருப்புதல் தேர்வு வருகிறது, நீட் இருக்கிறது. உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவின் தோலை நுண்ணோக்கியில் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். என் துறை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அன்று சொல்ல முடியாமல் போன பதிலை இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். என்னைவிட நீங்கள்தான் அதை அவளிடமும் அவளைப் போன்றவர்களிடமும் கொண்டு சேர்க்க முடியும்.

பதிலில் இரண்டு பாதி உண்டு. "யார் சொன்னது" என்பது ஒன்று. "எப்போது சொன்னது" என்பது இன்னொன்று. நம் வகுப்புகளில் முதல் பாதியைத் தொட்டுவிட்டு நிறுத்திவிடுகிறோம். 'எப்போது' என்பதை விட்டுவிட்டு மரபணுவைக் கற்பிப்பது, தாளம் இல்லாமல் ராகம் மட்டும் சொல்லிக்கொடுப்பது போன்றது. இந்த மடலில் நான் வற்புறுத்த வருவது அந்தத் தாளத்தைத்தான்.

முதலில் புழுவைப் பற்றிக் கொஞ்சம். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ், சுருக்கமாக சி. எலிகன்ஸ். அழுகும் பழத்திலும் மட்கும் இலைதழையிலும் பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. யாருக்கும் நோய் தராது. முட்டையிலிருந்து முட்டையிடும் பருவம் வர மூன்று நான்கு நாள் போதும். உடல் கண்ணாடி போலத் தெளிவு. உயிரோடு இருக்கும்போதே உள்ளே ஒவ்வொரு செல்லையும் பார்க்கலாம். 1960-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது இந்தக் காரணங்களுக்காகத்தான்.

இதற்கு இன்னொரு அருமையான குணம் உண்டு. நன்கு வளர்ந்த இருபாலுயிரிப் புழுவின் உடற்செல்களை எண்ணினால் 959. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 959. வளரும் வழியில் 131 செல்கள், குறித்து வைத்ததுபோல் அந்தந்த இடத்தில் இறந்துபோகும். எந்தச் செல் எந்தச் செல்லிலிருந்து பிறந்தது என்று முழு வம்சாவளியையும் எழுதி முடித்துவிட்டார்கள். அதில் பெரும்பங்கு ஜான் சல்ஸ்டனுடையது. கருவின் செல் பிரிவுகளை நாள்தோறும் மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்துக் கையால் வரைந்துகொண்டே இருந்தார். அந்த வம்சாவளி 1983-ல் வெளியானது. 2002-ல் பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

வம்சாவளி கையில் இருப்பதால்தான் அந்த மாணவியின் கேள்வியைப் புழுவிடம் நேராகக் கேட்க முடிகிறது. இந்தச் செல் தோலாக வேண்டியது, ஆனதா? ஆகவில்லையென்றால் வேறு என்ன ஆனது? எந்த மரபணு கெட்டதால் அப்படி ஆனது?

இப்போது "யார் சொன்னது" என்ற பாதிக்கு வருகிறேன்.

இளங்கருவில் எதிர்காலத் தோல் செல்களுக்குள் ஈ.எல்.டி-1 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. அது உண்டாக்கும் புரதத்துக்கு வேறு வேலையே கிடையாது. டி.என்.ஏ.வில் ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கெழுத்தை மையமாகக் கொண்ட இடங்களைத் தேடிப் போய் அமர்ந்து, பக்கத்தில் உள்ள மரபணுக்களை இயக்கிவிடும். இந்த நான்கெழுத்தை வைத்தே இவற்றைக் கேட்டா குடும்பம் என்கிறோம். நம் உடலில் இரத்தச் சிவப்பணு உருவாக இக்குடும்பத்தைச் சேர்ந்த கேட்டா-1 வேண்டும். அதன் சாயலில் இருந்ததால்தான் புழுவின் மரபணுவுக்கும் இரத்த அணுவை நினைவூட்டும் பெயரை வைத்தார்கள். அந்தப் புழுவுக்கோ இரத்தமே கிடையாது. ஒரே குடும்பத்துப் புரதம் ஓர் உயிரியில் இரத்தத்துக்கும் இன்னோர் உயிரியில் தோலுக்கும் பொறுப்பு ஏற்றிருக்கிறது. "இந்த வேலைக்கு இந்த மரபணு" என்று ஒட்டுச்சீட்டு ஒட்ட முடியாது என்பதற்கு இதுவே முதல் பாடம்.

ஈ.எல்.டி-1 இல்லாத கருவில் என்ன நடக்கும்? செல்கள் பிரிகின்றன, எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் தோலாக வேண்டிய செல்கள் நரம்பாகவும் தசையாகவும் மாறிவிடுகின்றன. போர்த்துவதற்குத் தோல் இல்லாமல் கரு இறந்துபோகிறது. இதையே எதிர்ப்புறமாகவும் செய்து பார்த்தார்கள். இளங்கரு முழுவதும் ஈ.எல்.டி-1 இயங்கும்படி வற்புறுத்தினால், தோலாகக் கூடாத செல்களும் தோலின் அடையாளங்களைக் காட்டுகின்றன. எடுத்தால் போகிறது, கொடுத்தால் வருகிறது. ஒரு மரபணுவை நெறிப்படுத்தும் மரபணு என்று ஒப்புக்கொள்ள நாங்கள் கேட்கும் சாட்சியம் இந்த இரண்டும்தான். இதைக் கரும்பலகையில் இரண்டு வரியில் எழுதிப் போட்டால், அறிவியல் எப்படிச் சிந்திக்கிறது என்பது மாணவருக்குப் பிடிபட்டுவிடும்.

ஒருமுறை சொன்னால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். அதற்கு லின்-26 என்ற இன்னொரு மரபணு இருக்கிறது. அது கெட்டால், தோலாகத் தொடங்கிவிட்ட செல்கள்கூடத் தம் தன்மையில் நிலைக்காமல் சிதைகின்றன, சில நரம்பின் சாயல் கொள்கின்றன. தோலாக ஆவது ஒரு வேலை, தோலாகவே இருப்பது தனி வேலை. வயலில் நாற்று நட்டதோடு விவசாயம் முடிந்துவிடுமா? தண்ணீர் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தோல் என்று முடிவான பிறகு செல்கள் இடம் பிடிக்க வேண்டும். கருவின் முதுகில் இரண்டு வரிசையாக நிற்கும் பத்துப் பத்துச் செல்கள், இரண்டு கை விரல்களைக் கோத்துக்கொள்வது போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஒரே வரிசையாகின்றன. பக்கங்களில் உள்ள செல்கள் வயிற்றுப் பக்கம் ஊர்ந்து வந்து நடுவில் சந்தித்துக் கருவைப் போர்த்துகின்றன. பிறகு செல்களுக்குள் வளையம் வளையமாக ஓடும் இழைகள் இறுக, பயறு போல் இருந்த கரு நான்கு மடங்கு நீண்டு புழுவாகிறது. புழுவுக்கு அதன் வடிவத்தைத் தருவதே தோல்தான்.

அடுத்து அந்தச் செல்களில் பல, தம்மிடையே உள்ள சவ்வுகளைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடுகின்றன. முதலில் 23 செல்கள் சேர்ந்து ஹைப்-7 என்ற ஒரே பெரிய செல்லாகின்றன. புழு வளர வளர இன்னும் செல்கள் வந்து அதில் கலக்கும். முதிர்ந்த புழுவில் ஹைப்-7-க்குள் 139 உட்கருக்கள். உடலின் பெரும்பகுதியைப் போர்த்தியிருப்பது இந்த ஒற்றைச் செல்தான். பத்து வீட்டின் சுவரை இடித்து ஒரே கூடமாக்கியது போல. சவ்வை இணைக்கும் புரதத்துக்குப் பெயர் ஈ.எஃப்.எஃப்-1.

இந்தக் கூடத்தில் சேராமல் சில செல்கள் தனியே நிற்கும். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அவற்றைத்தான்.

எங்கள் ஆய்வகத்தில் இந்தச் செல்களின் உட்கரு மட்டும் பச்சையாக ஒளிரும்படி ஒரு புழு வளர்க்கிறோம். அகர் தட்டில் ஊரும் புழுக்களில் ஒன்றை, நுனி தட்டிய பிளாட்டினக் கம்பியால் மெல்ல எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு மயக்க மருந்தில் விடுவேன். மேலே மெல்லிய மூடி. அறை விளக்கை அணைத்து, நீல ஒளியைப் போட்டால், இருட்டில் புழு தெரியாது. அதன் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரை ஒரே கோட்டில் பச்சைப் பொட்டுகள் மட்டும் தெரியும், கார்த்திகைக்குத் திண்ணையில் வரிசையாக ஏற்றி வைத்த அகல் விளக்கு போல. எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று... பதினாறு. அடுத்த புழு. பதினாறு. அடுத்தது. பதினாறு. நூறு புழு எண்ணினாலும் அநேகமாக எல்லாவற்றிலும் பதினாறுதான். அந்த எண்ணிக்கை பிசகாமல் வரும்போது உயிரின் ஒழுங்கைக் கண்டு இன்றும் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது.

சட்டையின் பக்கத் தையலைப் போல இருப்பதால் இவற்றுக்கு சீம் செல் என்று பெயர். முட்டையிலிருந்து வெளிவரும் குட்டிப் புழுவின் ஒரு பக்கத்தில் 10 சீம் செல்கள். முதிர்ந்ததும் 16. இந்தப் பத்து பதினாறாகும் கதைதான் என் பதிலின் இரண்டாம் பாதி.

புழு வளர நான்கு பருவங்கள் உண்டு. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பாம்பு சட்டை உரிப்பது போல மேலுறையை உரித்துப் போடும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் பெரும்பாலான சீம் செல்கள் இரண்டாகப் பிரியும். பிரிந்த இரண்டில் முன்பக்கத்துச் செல் ஹைப்-7 கூடத்தில் கலந்துவிடும். பின்பக்கத்துச் செல் சீம் செல்லாகவே தங்கி அடுத்த முறை பிரியக் காத்திருக்கும். நம் உடலில் குருத்துச் செல்கள் செய்வதும் இதைத்தான்: ஒன்றை வேலைக்கு அனுப்பு, ஒன்றை விதைக்கு வை.

இரண்டு செல்லும் ஒரே தாயின் பிள்ளைகள், ஒரே டி.என்.ஏ. பிறகு எப்படி வழி பிரிகிறது? பாப்-1 என்ற நெறிப்படுத்தும் புரதம் முன்பக்கத்து உட்கருவில் அதிகமாகவும் பின்பக்கத்து உட்கருவில் குறைவாகவும் இருக்கும். வெளியிலிருந்து வரும் விண்ட் என்ற சைகைப் பாதை அந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. பின்பக்கத்துச் செல்லில் ஈ.எல்.டி-5, ஈ.எல்.டி-6 என்ற கேட்டா குடும்பத்து இரட்டையர் காவல் இருந்து, 'கூடத்தில் போய்க் கலந்துவிடாதே' என்று தடுக்கின்றன. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் சீம் செல்கள் தனித்து நிற்க மாட்டாமல் ஹைப்-7-ல் கரைந்துபோகின்றன.

ஆனால் இந்த வகைப் பிரிவு எத்தனை முறை நடந்தாலும் சீம் செல் பத்தாகவே இருக்கும். பதினாறாக வேண்டுமென்றால் இரண்டு பிள்ளையும் சீம் செல்லாகவே தங்கும் பிரிவு ஒன்று வேண்டும். அது இரண்டாம் பருவத்தில் மட்டும், ஒரே ஒரு முறை, ஆறு செல்களில் நடக்கிறது. பத்தும் ஆறும் பதினாறு. முதல் பருவத்தில் நடக்காது, மூன்றாம் பருவத்தில் நடக்காது. அப்படியானால் அந்தச் செல்லுக்குத் தான் இப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறோம் என்பது தெரிந்தாக வேண்டும். தோல் செல்லுக்கு நேரம் தெரிய வேண்டும்.

எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் இக்காலத்து உயிரியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று பிறந்தது.

சில புழுக்களில் காலம் பிசகியிருந்தது. லின்-4 என்ற மரபணு கெட்ட புழு உடலால் வளர்கிறது, ஆனால் அதன் தோல் செல்கள் முதல் பருவத்துப் பிரிவையே திரும்பத் திரும்பச் செய்கின்றன. ஒன்றாம் வகுப்பிலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரி. முட்டையிடும் துளை உருவாகாததால் முட்டைகள் தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்துவிடும். லின்-14 என்ற மரபணு இல்லாத புழு இதற்கு நேர் எதிர். முதல் பருவத்தைத் தாண்டிக் குதித்து, செய்ய வேண்டியதை முன்கூட்டியே செய்துவிடும். லின்-28 இல்லாவிட்டால் இரண்டாம் பருவம் விடுபடும். அந்த இரட்டிப்புப் பிரிவு நடக்காது, நான் எண்ணும் பச்சைப் பொட்டுகள் பதினாறைத் தொடாது. விக்டர் ஆம்ப்ரோஸும் ராபர்ட் ஹார்விட்ஸும் 1984-ல் இப்படிப்பட்ட புழுக்களை ஒன்றாக வைத்து, வளர்ச்சியின் காலத்தை ஆளும் மரபணுக்கள் உண்டு என்று எடுத்துக் காட்டினார்கள்.

லின்-14 'இது முதல் பருவம்' என்று சொல்லும் புரதம். முதல் பருவத்தில் ஏராளமாக இருக்கும், இரண்டாம் பருவம் வரும்போது வற்றிவிடும். அதை வற்றச் செய்வது லின்-4. எனவே லின்-4 ஒரு புரதமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் எண்ணினார்கள். மரபணு என்றால் படியெடுத்தல், மொழிபெயர்த்தல், புரதம் என்பதுதானே நாம் கற்ற வரிசை.

ஆம்ப்ரோஸின் ஆய்வகத்தில் ரோசலிண்ட் லீயும் ரோண்டா ஃபைன்பாமும் அந்த மரபணுவைத் துரத்திக்கொண்டு போனார்கள். துண்டு துண்டாக வெட்டிச் சிறிதாக்கினார்கள். எவ்வளவு சிறிதாக்கினாலும் அது வேலை செய்தது. கடைசியில் கையில் கிடைத்தது புரதத்துக்கான குறிப்பே இல்லாத, 22 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. மறுபக்கம் கேரி ருவ்குன் தன் ஆய்வகத்தில் லின்-14-ஐ ஆராய்ந்துகொண்டிருந்தார். அதன் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் ஏதோ ஒன்று வந்து ஒட்டித்தான் அதை அடக்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1992-ல் ஆம்ப்ரோஸும் ருவ்குனும் தங்கள் எழுத்து வரிசைகளைப் பரிமாறி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூட்டும் சாவியும் போலப் பொருந்தின. 22 எழுத்து ஆர்.என்.ஏ., தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் பல இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உண்டாகாமல் தடுக்கிறது. 1993 டிசம்பரில் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் வெளியாயின.

உலகம் பெரிதாகக் கவனிக்கவில்லை. புழுவுக்கு மட்டும் உள்ள விசித்திரம் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2000-ல், ருவ்குனின் குழு புழுவிலேயே இன்னொரு சிறு ஆர்.என்.ஏ.வைக் கண்டது. அதன் பெயர் லெட்-7. அதுவும் தோலின் காலத்தை ஆள்வதுதான். புழு முதிரும் நேரத்தில் பெருகி, லின்-41 என்ற மரபணுவை அடக்கும். அது அடங்கியதும் லின்-29 என்ற புரதம் எழும். லின்-29 எழுந்தால் இளமை முடிந்தது என்று பொருள். சீம் செல்கள் பிரிவதை நிறுத்துகின்றன. தங்களுக்குள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட பட்டையாகின்றன. உடலின் பக்கத்தில் வரப்பு போல நீளவாக்கில் மெல்லிய மேடுகளை எழுப்புகின்றன. முதிர்ந்த புழுவுக்கே உரிய கொலாஜனைச் சுரக்கின்றன. அதன்பின் சட்டை உரிப்பது கிடையாது. லெட்-7 கெட்ட புழுவில் தோல் முதிர மறுத்து இன்னொரு சுற்றுப் பிரிவுக்குப் போகும்.

அந்த ஆண்டே லெட்-7-ஐ வேறு விலங்குகளிலும் தேடினார்கள். ஈயில் இருந்தது. மீனில் இருந்தது. மனிதனிலும் இருந்தது, எழுத்து மாறாமல். அன்றுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இத்தகைய சிறு ஆர்.என்.ஏ.க்களை மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறோம்; இன்று மனிதனில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுக்கள் தெரியும். 2024-ல் ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. அதன் வேர், ஒரு புழுவின் தோல் எப்போது எத்தனை முறை பிரிய வேண்டும் என்ற கேள்வியில் இருக்கிறது.

ஆசிரியர்களே, இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதையை முடிக்கக் கூடாது. இந்தக் கடிகாரம் சுவரில் மாட்டியதுபோல் தன்பாட்டுக்கு ஓடுவதில்லை. இரை தீர்ந்து நெரிசல் கூடினால் குட்டிப் புழு வளர்ச்சியை நிறுத்திவிட்டு டாவர் என்ற உறங்குநிலைக்குப் போகும். வாயை மூடிக்கொள்ளும், தோலைத் தடிப்பாக்கிக்கொள்ளும், மாதக்கணக்கில் காத்திருக்கும். இரை கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி அதே பதினாறு சீம் செல்களோடு முதிரும். இரை இருக்கிறது என்ற செய்தியை ஒரு ஹார்மோன் கொண்டு வருகிறது. அதை டாஃப்-12 என்ற ஏற்பி வாங்கிக்கொண்டு, லெட்-7 குடும்பத்து ஆர்.என்.ஏ.க்களை முடுக்குகிறது. சாப்பாடு கிடைக்கிறதா என்பது தோல் செல்லின் உட்கரு வரைக்கும் போய்ச் சேருகிறது. மரபணு தலையெழுத்து இல்லை. அது சுற்றுப்புறத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பரம்பரையைப் பிறப்போடு முடிந்துபோன தீர்ப்பாக நினைக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் இதைக் கேட்டாக வேண்டும்.

"இதெல்லாம் புழுவுக்குத்தானே, மனிதனுக்கு என்ன?" என்று யாராவது கேட்பார்கள். நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். நம் தோல் புழுவின் தோல் மாதிரி இல்லை. நமக்குப் பல அடுக்கு, அதற்கு ஒரே அடுக்கு. நம் மேல்தோலில் கெரட்டின், அதன் மேலுறையில் கொலாஜன். தோலுக்கு ஆணையிடும் புரதமும் வேறு. நம் போன்ற பாலூட்டிகளில் பி-63 என்ற புரதம் அந்தப் பொறுப்பில் இருக்கிறது. அது இல்லாத எலிக்குட்டிகள் முறையான மேல்தோல் இல்லாமலே பிறந்து இறந்துபோனதை 1999-ல் கண்டார்கள். ஆள் மாறினாலும் பொறுப்பு ஒன்றுதான்.

கடிகாரத்தின் பாகங்களோ அப்படியே நமக்கும் உண்டு. பல நுரையீரல் புற்றுக் கட்டிகளில் லெட்-7 குறைந்திருப்பதை 2004-ல் கண்டார்கள். 'முதிர்ந்தது போதும், பிரியாதே' என்று சொல்லும் குரல் அங்கே தேய்ந்துவிடுகிறது. புழுவின் தோலை இளமையில் நிறுத்தும் லின்-28 லெட்-7-க்கு எதிராளி. 2007-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சனின் குழு, முதிர்ந்துபோன மனிதச் செல்களை மீண்டும் குருத்துச் செல்களாக்கியபோது பயன்படுத்திய நான்கு மரபணுக்களில் மனித லின்-28 ஒன்று. தோலிலிருந்து எடுத்த இணைப்புத்திசுச் செல்களும் அப்படி இளமைக்குத் திரும்பின.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உறவும் இருக்கிறது. குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறீர்கள். கொக்கிப்புழுவும் பெரிய உருளைப்புழுவும் சி. எலிகன்ஸின் தூரத்துச் சொந்தங்கள்; அவையும் நான்கு முறை சட்டை உரிப்பவைதான். அந்த மருந்துக் குடும்பம் புழுவின் எந்தப் புரதத்தைத் தாக்குகிறது, எந்த மரபணு மாறினால் புழு தப்பித்துக்கொள்கிறது என்பதையெல்லாம் சி. எலிகன்ஸில் ஆராய்ந்திருக்கிறார்கள். சி. எலிகன்ஸைப் படிப்பது பிள்ளைகளின் வயிற்றில் இருக்கும் புழுவை விளங்கிக்கொள்ளவும் உதவுகிறது.

இப்போது என் வேண்டுகோள்கள். மூன்றே மூன்று.

முதலாவது: லேக் ஓபரானை நடத்தி முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அது பாக்டீரியாவின் கதை. லாக்டோஸ் வந்தால் திற, போனால் மூடு. அந்தப் பாடத்தோடு நின்றால், மரபணு என்பது ஸ்விட்ச் போட்டு அணைக்கும் விளக்கு என்றே மாணவர் எண்ணிக்கொள்வார். கரும்பலகையில் ஒரு நீள்கோடு போட்டு அதில் பத்துப் புள்ளி வையுங்கள். இரண்டாம் பருவத்தில் ஆறு புள்ளிகளை இரட்டிப்பாக்கிப் பதினாறாக்குங்கள். லின்-4 கெட்டால் என்ன ஆகும், லின்-28 கெட்டால் என்ன ஆகும் என்று அவர்களையே கேளுங்கள். சாக்பீஸ் தவிர வேறொன்றும் வேண்டாம். கதையைச் சரியாகச் சொன்னால் விடையை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது: "உயரத்துக்கு ஒரு மரபணு, அறிவுக்கு ஒரு மரபணு" என்று பேசுவதை வகுப்பில் தவிர்த்துவிடுங்கள். எந்த மரபணு என்பதோடு, எந்தச் செல்லில், எந்த நேரத்தில், எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழக்குங்கள். லின்-14 நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. முதல் பருவத்தில் அது இருந்தாக வேண்டும், இரண்டாம் பருவத்தில் அது விலகியாக வேண்டும்.

மூன்றாவது: பள்ளித் தோட்டத்து மட்குக் குழியிலிருந்து ஒரு பிடி மட்கையோ அழுகிய பழத்தையோ மெல்லிய துணியில் கட்டி, ஒரு புனலில் தண்ணீர் விட்டு அதில் ஓரிரவு தொங்க விடுங்கள். காலையில் புனலின் அடியில் உள்ள தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வையுங்கள். மண்ணில் வாழும் உருளைப்புழுக்கள் வளைந்து நெளிந்து நீந்துவது தெரியும். எந்த இனம் என்று பெயர் சொல்லத் தேவையில்லை. அதன் கண்ணாடித் தோலின் வழியே உள்ளே குடல் தெரிவதை ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டால், அது பிறகு புத்தகத்தில் படிக்கும் ஒவ்வொரு வரிக்கும் உயிர் வந்துவிடும். பார்த்து முடித்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

அந்த மாணவியின் பெயர் எனக்குத் தெரியாது. இந்நேரம் பள்ளியை முடித்திருப்பாள். அவளை எங்காவது கண்டால் இப்படிச் சொல்வேன்: "அம்மா, தோல் செல்லுக்கு 'நீ தோலு'ன்னு ஒருத்தர் சொல்லலை. ஈ.எல்.டி-1 சொல்லுச்சு, லின்-26 அதைக் காப்பாத்துச்சு, பக்கத்துச் செல் சைகை கொடுத்துச்சு, 22 எழுத்து ஆர்.என்.ஏ. ஒண்ணு நேரம் பாத்துச்சு, கிடைச்ச சாப்பாடு சம்மதம் சொல்லுச்சு." அவளை நான் இனிச் சந்திப்பேனோ என்னவோ. அதே கேள்வியோடு இந்த ஆண்டும் ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். எழுந்து கேட்டால், மணி அடித்தாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

மிகுந்த மரியாதையுடனும் அன்புடனும்,

உருளைப்புழுவின் தோலை ஆராயும் உங்கள் பழைய மாணவன்